சாவி வைக்கும் சத்தம்

ஜனவரி 9

நாத்தனாருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்று உன் அண்ணன் இறந்துபோன அன்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. இதைப் பார்த்துவிட்டுப் போன் போட்டுக்கொண்டு வராதே.

பின்னறையில் உன் அண்ணனின் லேத், அந்தக் கடைசல் மெஷின், அப்படியே நிற்கிறது. மே மாதம் பழைய இரும்புக்காரரைக் கூட்டி வருவதாக மகன் சொல்லிவிட்டான். "அது போயிட்டா இந்த வீட்ல உனக்கு என்னம்மா வேலை? எங்கூட வந்துரு" என்கிறான். அங்கே எனக்கு ஒதுக்கிய அறையைப் பார்த்தேன். துணி துவைக்கும் மெஷினும் நானும் அதில் இருக்கவேண்டும். லேத் போனால் வீடும் போகும், வீடு போனால் நான் அந்த மெஷினுக்குத் துணை.

போன வாரம் பம்ப் மெக்கானிக் வந்தார். உன் அண்ணன் பித்தளையில் கடைந்துகொடுத்த புஷ், பம்ப் தண்டுக்கு மாட்டும் வளையம், அது மாதிரி வேறு எங்கும் அமையவில்லையாம். "யாராவது இத ஓட்டினா எல்லா வேலையும் இங்கயே குடுத்துருவேன்" என்றார். "நான் ஓட்டறேன்" என்றேன். சிரித்தார். மகனிடமும் சொன்னேன். "மே மாசத்துக்குள்ள ஒண்ணு ஒழுங்கா செஞ்சு காட்டு, அப்புறம் இரும்புக்காரர வேண்டாங்கறேன்" என்றான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாற்பத்திரண்டு வருஷம் சமையலறையில் நின்று அதன் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். கிட்டப் போனதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். கல்யாணமாகி மூன்றாம் நாள், டீ டம்ளரோடு பின்னறைப் பட்டறைக்கு வந்தேன். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மகாராணி மாதிரி நின்ற நீ, "வளையலைக் கழட்டிட்டு உள்ள வா" என்றாய். புதுப்பெண்ணிடம் சொல்கிற வார்த்தையா அது? உள்ளே நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன், முன்பல் இல்லாதவன், சிரித்தான். டம்ளரை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. உன் வீட்டுக்கு வந்தபோது எனக்கு மட்டும் விரிசல் விட்ட கப்பில் டீ கொடுத்ததையும் மறக்கவில்லை. மற்றவர்கள் கப்பில் பூப்போட்டிருந்தது.

அண்ணனும் தங்கையும் உங்கள் அப்பாவிடம் ஒன்றாக வேலை கற்றவர்கள். அந்த மெஷினை அறிந்த ஆள் இப்போது நீ ஒருத்திதான். எப்படி ஓட்டுவது என்று எழுது. அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வரத்தான் உனக்கு வழி தெரியவில்லை, எழுதவாவது தெரியும்.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி


ஜனவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆள். பொழுது போவதே தெரிவதில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தயவுசெய்து அந்தச் சுவிட்சைத் தொடாதீர்கள். முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். அது மிக்ஸி அல்ல. நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஓடும், அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் விரலைக் கேட்கும். நிறுத்தலாம் என்று கையால் பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் துடையுங்கள். சின்ன மூடி போட்ட துளைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் எண்ணெய் விடுங்கள். முன்னால் இருக்கும் உருண்டைக்குச் சக் என்று பேர். மூன்று பல்லால் பித்தளையைக் கவ்விக்கொள்ளும். அதைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றுங்கள், எங்கும் இடிக்கக்கூடாது. என்றைக்கு ஓட்டினாலும் முதல் சுற்று கைச்சுற்றுதான்.

சக்கை முடுக்க ஒரு சாவி உண்டு. அதை எடுக்காமல் மோட்டாரைப் போட்டால் கல்லெறிந்தது போலப் பறக்கும். எங்கள் அப்பா பட்டறைச் சுவரில் அப்படி ஒரு குழி இருந்தது. சுவர் என்பதால் குழியோடு போயிற்று. சாவி உங்கள் கையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அதன் மரப்பெட்டியில் இருக்கவேண்டும். மூன்றாவது இடம் கிடையாது.

கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். தொளதொளவென்று கைவைத்த உடுப்பு வேண்டாம். கையுறையும் வேண்டாம், முதலில் அதைத்தான் இழுக்கும். முடியை இறுக்கிக் கட்டி மூடுங்கள். கழுத்திலும் கையிலும் எதுவும் இருக்கக்கூடாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது லேத்தை ஓட்டக்கூடாது. கூப்பிட்டால் கேட்க ஒரு காது வேண்டும். அப்பா போட்ட சட்டம் அது. முடியாதென்றால் இரும்புக்காரருக்கே கொடுத்துவிடுங்கள் அண்ணி.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
நாத்தனார்


பிப்ரவரி 10

நாத்தனாருக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் வீட்டுக் கூட்டத்தைக் கேட்டதாகச் சொல்.

"கையில் எதுவும் இருக்கக்கூடாது" என்று எழுதியிருக்கிறாய். வளையல் என்று எழுத இப்போது கை வரவில்லை. அன்றைக்கு வாய் மட்டும் வந்தது.

துடைத்துவிட்டேன். இரண்டு பழைய போர்வை கிழிந்து கரியானது. அடித்தட்டில் உன் அண்ணன் கடைசியாகக் கடைந்த இரும்பின் சுருள் கிடந்தது, ஊதா நிறத்தில், ஸ்பிரிங் மாதிரி. நன்றாக இருக்கிறதே என்று கையால் அள்ளினேன். மூன்று விரலைக் கீறிவிட்டது. ரத்தத்தைக் கழுவிக்கொண்டே அவரைத் திட்டினேன். ஒரு வருஷம் கழித்து அந்த மனுஷனைத் திட்ட ஒரு காரணம் கிடைத்ததில் மனதுக்குக் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

ஆள் இல்லாமல் ஓட்டாதே என்கிறாய். ஆளுக்கு நான் எங்கே போவேன்? பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா பகலெல்லாம் ரேடியோவை அலறவிட்டுத்தான் தைப்பாள், நான் இங்கே இரண்டாகப் பிளந்தாலும் கேட்காது. மகன் ஞாயிறு வந்தால் உண்டு. இந்த வீட்டில் நான் பாத்திரத்தைக் கீழே போட்டால் "என்னாச்சு?" என்று கேட்க ஒரு குரல் கிடையாது. தானாக விழுந்தது, தானாகச் சுற்றி ஓய்ந்தது என்று விட்டுவிடுகிறேன்.

வீடு நிறைய ஆளோடு இருக்கிறவளுக்கு இது புரியாது. நடக்கிற வழியைச் சொல்.

உன் அண்ணனின் மனைவி


பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகமே. விரல் ஆறிவிட்டதா? சீழ் வைத்திருந்தால் ஒளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சுருளைக் கையால் தொடாதீர்கள், அது கத்தி. கம்பியை வளைத்துக் கொக்கி செய்து இழுங்கள், அதுவும் மெஷின் நின்ற பிறகு.

ஆளுக்கு ஒரு வழி தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். தினமும் காலை பத்து மணிக்கு எனக்குப் போன் போடுங்கள். பேசவேண்டாம். சத்தமாகக் கேட்கும் பொத்தானை அமுக்கி, லேத்துக்கு எட்டாத அலமாரியில் வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். நானும் வாயைத் திறக்கமாட்டேன், கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். சத்தத்தில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் வேறு போனிலிருந்து தையற்காரம்மாவைக் கூப்பிடுவேன். அவர் நம்பரை எழுதுங்கள், வீட்டுச் சாவி ஒன்றையும் அவரிடம் கொடுத்துவையுங்கள்.

இது அப்பாவின் சட்டத்துக்குப் பொருந்துமா என்று யோசித்தேன். காது என்றுதான் அவர் சொன்னார், உடம்பு முழுவதும் வேண்டும் என்று சொல்லவில்லை.

நாத்தனார்


மார்ச் 6

நாத்தனாருக்கு,

சுகம். விரல் ஆறிவிட்டது.

நம்பரை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன் என்று திட்டாதே, தையற்காரம்மாவே முதல் வாரம் ரேடியோவை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். உனக்கும் தெரியும், அவள் இருமுவதைக் கேட்டிருப்பாய்.

போனைப் பழைய பிஸ்கட் டப்பாவில் சாய்த்து வைக்கிறேன். முதல் நாள் நீ மூச்சு விட்டது கேட்டது. மூச்சு பேச்சில் சேராது, விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தும்மினாய். அதையும் விட்டுவிட்டேன். ஆனால் தும்மிவிட்டு "ஸாரி" என்றாய் பார், அதை எழுதி வைத்திருக்கிறேன்.

சக் சுற்ற ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தம், கிட்ட வந்தால் இவ்வளவு பெரியதா? நிறுத்தினேன். மறுபடி போட்டேன். வெட்டுகிற டூலைப் பித்தளையில் மெல்லத் தொடவிட்டேன். மஞ்சள் தூள் பொரிந்து விழுந்தது. கொஞ்சம் போனதும் கீச்சென்று கத்த ஆரம்பித்தது, கடைந்த இடமெல்லாம் வரிவரியாக இருக்கிறது. பம்ப்காரர் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, சாவிக் கொத்துல மாட்டிக்கலாம்" என்றார். அவருக்கு இருக்கிறது ஒரு நாள்.

ஏன் கத்துகிறது?

உன் அண்ணனின் மனைவி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சுகம். பேரப்பிள்ளைகள் போடும் சத்தத்தில், உங்கள் லேத் சரியாகக் கேட்கவேண்டும் என்று பத்து மணிக்கு மட்டும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

நீங்கள் பித்தளையைச் சக்குக்கு வெளியே அதிகமாக நீட்டிப் பிடிக்கிறீர்கள். நீட்டினால் நுனி ஆடும், ஆடினால் கத்தும். உள்ளே தள்ளிப் பிடியுங்கள். டூலையும் அதன் கம்பத்திலிருந்து குறைவாக நீட்டுங்கள். அதன் நுனி பித்தளையின் நடுமையத்துக்கு நேராக இருக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை நீங்கள் ஒரேயடியாக ஆழமாக வெட்டினீர்கள், மோட்டார் முனகியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கவேண்டும். அவசரப்பட்டு ஆழமாகப் போனால் டூல் ஒடியும். ஓடும்போது அளவு பார்க்காதீர்கள், நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஒன்றில் நீங்கள் எங்களையெல்லாம் விட ஒழுங்கு. சாவியை மரப்பெட்டியில் வைக்கும் 'டொக்' சத்தம் தினமும் தவறாமல் கேட்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் நான் சாய்ந்து உட்காருகிறேன்.

வேலை முடிந்ததும் நீங்கள் துணியால் துடைத்து எண்ணெய் விடுவதும் கேட்கிறது. அப்போதும் போனை அணைக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிடுகிறீர்கள். மறந்துவிடுகிறீர்கள் போலிருக்கிறது. இருக்கட்டும்.

நாத்தனார்


ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

சுகம். கண்ணில் பித்தளைத் தூள் விழவில்லை, கண்ணாடி போடுகிறேன்.

நாலு கெட்டது. ஐந்தாவது புஷ்ஷைப் பம்ப்காரர் எடுத்துப்போய் மாட்டினார். மறுநாள் வந்து பழைய புஷ் ஒன்றை மேசையில் வைத்து, "இது மாதிரி ஆறு வேணும்" என்றார். "சாவிக் கொத்துக்கா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மகன் மே முதல் வாரம் இரும்புக்காரரோடு வருகிறான். போனில் சொன்னேன், நம்பவில்லை. அவனுக்குக் கண்ணால் பார்க்கவேண்டும்.

இன்னொரு விஷயம். போனை நான் மறந்துபோய் விடவில்லை. இந்தப் பக்கச் சத்தம் அங்கே கேட்டால், அந்தப் பக்கச் சத்தம் இங்கேயும் கேட்கும் என்று உனக்குத் தோன்றவேயில்லையா? லேத்தை நிறுத்திய பிறகு உன் வீட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஒரு குழாய் சொட்டுகிறது. ஒரு கைத்தடி நடக்கிறது, அதன் நுனியில் ரப்பர் இல்லை, தரையில் வழுக்குகிறது. இரண்டு முறை வழுக்கி நீ எதையோ பிடித்துக்கொண்டதும் கேட்டது. ஒரு மாதமாகக் கேட்கிறேன். ஒரு பிள்ளை அழவில்லை, ஒரு மருமகள் "அத்தை" என்று கூப்பிடவில்லை.

குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல். வீடு நிறைய ஆள் இருக்கிறார்களே, யாராவது மாற்றுவார்கள்.

உன் அண்ணனின் மனைவி


ஏப்ரல் 20

நாத்தனாருக்கு,

சுகம். நீ சுகமா என்று இந்த முறை முறைக்காகக் கேட்கவில்லை.

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஆனாலும் பத்து மணிக்கு முதல் மணியிலேயே போனை எடுக்கிறாய்.

நேற்று நடந்தது உனக்கும் தெரியும், என் பக்கத்தை எழுதுகிறேன். பித்தளையை மாட்டி முடுக்கிக்கொண்டிருந்தேன். பம்ப்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "அம்மா, ஆறும் ரெடியா?" என்றார். "ஏன், பம்ப் ஓடிப்போயிடுமா?" என்று அவரை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்பினேன். அந்தச் சண்டையில் கைச்சுற்றும் மறந்துபோனது. கை சுவிட்சில் இருந்தது, அமுக்கவேண்டியதுதான் பாக்கி. பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு அலறல்.

"அண்ணீ! சாவி! சாவி வைக்கலை!"

பார்த்தேன். சாவி சக்கிலேயே நிற்கிறது, என் நெஞ்சுக்கு நேராக.

எடுத்துப் பெட்டியில் வைத்தேன். பெட்டியின் விளிம்பில் இடித்து இரண்டு முறை டொக் டொக் என்று கேட்டிருக்கும். "வச்சாச்சா?" என்றாய். "ம்" என்றேன். 'ம்' பேச்சில் சேராது. ஆனால் பிறகு அந்தப் பக்கம் நீ அழுதாய். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அது முடிகிற வரைக்கும் கேட்டேன். அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

உன் அண்ணன் உன்னைச் சில்வண்டு என்று கூப்பிட்டது சும்மா இல்லை. வயதானாலும் அந்தக் குரல் தேயவில்லை.

கைத்தடியின் அடிப்பக்கத்தை நூலால் ஒரு சுற்று சுற்றி, அளவுக்கு அறுத்து, நூலை அனுப்பு. ஏன் என்று கேட்காதே.

உன் அண்ணனின் மனைவி


ஏப்ரல் 27

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தோடு நூலை வைத்திருக்கிறேன்.

இங்கே யாரும் இல்லை அண்ணி. மகன் குடும்பத்தோடு வெளிநாடு போய் மூன்று வருஷமாகிறது. நான் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணன் போவதற்கு முந்தின மாதம் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரண்டையும் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணன் போன செய்தி வந்த அன்று, கீழ்வீட்டு ஆண்கள் என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. பயந்துபோய் மேலேயே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அப்போது நீங்கள் போனில் கத்தினீர்கள். கேட்டுக்கொண்டேன். சொன்னால் பரிதாபப்படுவீர்கள், உங்களிடம் அதை மட்டும் வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பதினாறு வயதில் என் பின்னல் அப்பாவின் லேத்தில் சுற்றிக்கொண்டது. பட்டறையில் அண்ணன் இருந்தான். லேத்தைச் சுற்றவைக்கும் பெல்ட்டை உதைத்துத் தள்ளிவிட்டு, ரம்பத்தால் பின்னலை அறுத்து என்னை எடுத்தான். தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி முளைக்கவேயில்லை. அதற்குத்தான் அந்தத் துணி. மூன்று வருஷம் கழித்து நீங்கள் கை நிறையக் கண்ணாடி வளையலோடு, வாசலை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த லேத்தின் மேலே கையை நீட்டி அண்ணனிடம் டம்ளரைக் கொடுக்க வந்தீர்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. பக்குவமாகச் சொல்லத் தெரியவில்லை. பிறகு சொல்லலாம் என்றால் நீங்கள் அந்தப் பக்கமே வரவில்லை.

விரிசல் விட்ட கப் விஷயம் எனக்கு ஞாபகம் இல்லை. இருந்திருக்கும்.

நீங்கள் லேத்தை விட்டுவிட்டால் பத்து மணிக்கு நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. மகன் வரும்போது பதறாமல் ஓட்டிக் காட்டுங்கள்.

சில்வண்டு


மே 8

சில்வண்டுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்பது தினமும் கேட்கிறது.

மகன் நேற்று வந்தான், இரும்புக்காரரும் வந்தார். நீ கேட்டுக்கொண்டிருந்தாய், ஆனால் முகங்களைப் பார்க்கவில்லையே, அதற்காக எழுதுகிறேன். இரும்புக்காரர் லேத்தின் மேல்தட்டைத் தடவி விரலைப் பார்த்தார். "எண்ணெ பளபளங்குது. செத்த மெஷின்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க?" என்று மகனைக் கேட்டார். நான் முடியைக் கட்டினேன், கண்ணாடி போட்டேன், பித்தளையை மாட்டினேன், சாவியைப் பெட்டியில் வைத்தேன், கையால் ஒரு சுற்று சுற்றினேன், சுவிட்சைப் போட்டேன். மகன் வாய் திறந்தபடி நின்றான். இரும்புக்காரர் புஷ்ஷைக் கையில் வாங்கி, துளையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடற மெஷினுக்கு நான் எதுக்கு?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மகன் கடைசிக் கொக்கியைப் போட்டான். "நல்லாத்தான் ஓட்டற. ஆனா தனியா ஓட்டக் கூடாதும்மா. ஏதாவது ஆச்சுன்னா யாரு இருக்கா?"

பிஸ்கட் டப்பாவைக் காட்டினேன். "அத்தை இருக்கா."

"நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கறதில்லையே?"

"பேசறதுக்கா ஆளு? கேக்கறதுக்குடா."

அப்போது டப்பாவிலிருந்து நீ இருமினாய். அவன் திடுக்கிட்டு இரண்டடி தள்ளி நின்றான். லேத் இங்கேயே இருக்கும், நானும் இங்கேயே இருப்பேன். முடிந்தது.

நீ எழுதியதைப் படித்தேன். நாற்பத்திரண்டு வருஷத்தை ஒரே கடிதத்தில் கரைத்துவிடலாம் என்று பார்க்கிறாய். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கவேண்டும், ஆழமாகப் போனால் டூல் ஒடியும் என்று நீதானே எழுதினாய். இப்போதைக்கு அன்று சிரித்த அந்த முன்பல் இல்லாதவன் மேல் மட்டும் கோபத்தை வைத்துக்கொண்டு உன்னை விடுகிறேன்.

இதோடு இருக்கிற பொட்டலத்தில் கைத்தடிக்குப் பித்தளைப் பூண் ஒன்று உண்டு. உன் நூலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கடைந்தது. தடியின் நுனியில் தட்டி ஏற்று, அடியில் ரப்பர் பதித்திருக்கிறேன். இறக்கப் பார்க்காதே, வராது.

லேத் அறைக்குப் பக்கத்து அறையை ஒழித்துவிட்டேன். வாசலில் இருந்த ஒரே படியையும் சிமெண்ட் பூசிச் சரிவாக்கியாயிற்று. தையற்காரம்மா ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கிறாள். ஞாயிறு மகன் நாலு ஆளோடும் பெல்ட் வைத்த நாற்காலியோடும் உன் மூன்றாவது மாடிக்கு வருவான். நாற்காலியின் ஆணிகளை நானே முடுக்கி, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டேன். உனக்கென்று விரிசல் விட்ட கப் ஒன்று தேடி எடுத்து வைத்திருக்கிறேன். வந்த பிறகு பேசுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்தக் குழாயை இறுக்கி மூடிவிட்டுக் கிளம்பு. வளையலைக் கழற்றிவிட்டு வா.

உன் அண்ணி